மேந்தோன்னிக் கிழங்கும் ஒரு வாழையிலையும்

என் தலையில் இப்போதுதான் நாற்றங்கால் மாதிரி மயிர் முளைத்து நிற்கிறது. தடவினால் உள்ளங்கையில் குத்துகிறது. மருந்து வாங்கக் கடைக்கு வருகிறவர்கள் பாட்டிலைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் மண்டையைப் பார்க்கிறார்கள். “திருச்செந்தூருக்கு நேர்ச்சையா?” என்று கேட்கிறார்கள். இல்லை என்றால் விடமாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. எழுதி வைத்துவிட்டால் கேட்கிறவர்கள் கையில் கொடுத்து, படித்துக்கொள்ளும் ஐயா என்று சொல்லிவிடலாம்.

நான் நாகர்கோவிலில் ஒரு மருந்துக்கடையில் கம்பவுண்டர். வீடு கொட்டாரத்தில். அப்பா இல்லை, அம்மை என்னைத் தனியாளாக நின்று வளர்த்தாள். போன ஆவணியில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் எடுத்தது குலசேகரத்துக்கும் மேற்கே, மலையடிவாரத்தில். பெண்ணின் பெயர் தங்கம்மை. கிழக்கே நாங்கள் வயல்காரர்கள், சோறுதான் எங்களுக்குச் சாப்பாடு. மேற்கே அவர்களுக்குக் கிழங்கு இல்லாமல் நாள் போகாது. காச்சில், சேனை, சிறுவள்ளி என்று விதவிதமாக அவள் பெயர் சொல்லும்போது எனக்கு எல்லாமே மண்ணுக்குள் கிடக்கிற ஏதோ ஒன்று என்ற அளவில்தான் தெரியும்.

தலைப்பொங்கலுக்கு மாமனார் வீட்டுக்குப் போனோம். அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. முற்றத்தில் பொங்கல் பானையை இறக்கியதும், அடுப்புக் கனலில் கிழங்கைப் புதைத்துச் சுடுவார்கள். தோல் கரியாகும் வரை சுட்டு, தட்டி, இலையில் வைத்து, உப்பும், காந்தாரி மிளகு என்கிற ஊசிமிளகாயும் அரைத்த துவையலோடு தின்ன வேண்டும். புது மருமகன் வந்திருந்தால் முதல் கிழங்கு அவனுக்கு. அவன் வாயில் போட்டு நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் மற்றவர்கள் தொடுவார்கள்.

நான் கனலில் சுட்ட கிழங்கே தின்றதில்லை என்று எப்போதோ தங்கம்மையிடம் சொல்லியிருந்தேன். அதை மனதில் வைத்துக்கொண்டு, அவளே மண்வெட்டியோடு போய்க் கிணற்றங்கரை வேலியோரம் சிறுவள்ளி தோண்டிக்கொண்டு வந்தாள். தை மாதத்தில் கொடிகள் எல்லாம் காய்ந்து உதிர்ந்திருக்கும். அடியில் கிழங்கு மட்டும் கிடக்கும். தோண்டியதில் ஆகக் கொழுத்ததாக, வளைந்து இரண்டு கை விரித்த மாதிரி ஒன்று இருந்தது. கொழுத்தது மாப்பிள்ளைக்கு என்று அதை எனக்காகவே எடுத்து வைத்தாள்.

மாமனார் அதைத் தட்டி என் இலையில் வைத்தார். வீடே என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் கடித்தேன். கசப்பு. சாதாரணக் கசப்பு இல்லை, நாக்கின் அடிவரை இறங்குகிற கசப்பு.

“எப்படி இருக்கு மருமோனே?” என்று மாமனார் கேட்டார்.

“நல்லாருக்கு” என்றேன்.

வேறு என்ன சொல்ல முடியும்? மேற்கத்திக் கிழங்கு இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது, நமக்குத்தான் பழக்கமில்லை என்று நினைத்துக்கொண்டேன். துவையலை அள்ளி அள்ளி வைத்து, கிழங்கின் ஒரு கையை முழுவதும் தின்றேன். மற்றக் கையில் பாதிக்கு மேல் முடியவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தேன். மற்றவர்கள் இலையில் விழுந்தவை அசல் சிறுவள்ளி. அவர்கள் ருசித்துத் தின்றார்கள்.

எனக்கு மறுநாள் கடை. தங்கம்மை அங்கே ஒரு வாரம் இருந்து வரட்டும் என்று விட்டுவிட்டு, மத்தியானப் பஸ்ஸில் தனியாகத் திரும்பினேன். தக்கலை தாண்டும்போதே தொண்டையில் ஓர் எரிச்சல். காந்தாரியின் வேலை என்று நினைத்தேன். வீட்டில் அம்மை பரிமாறிய சோற்றைச் சாப்பிட்டுப் படுத்தேன். விடிவதற்குள் வாந்தி, வயிற்றுப்போக்கு. உடம்பில் இருக்கிற தண்ணீரெல்லாம் இரண்டு வழியாகவும் வெளியேறிவிடும் போல இருந்தது. கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது. பக்கத்து அரிசி ஆலைக்காரர் தன் காரில் என்னை ஏற்றிக்கொண்டு நாகர்கோவிலுக்கு ஓட்டினார். அவர் காரின் பின்சீட்டை நான் என்ன பாடு படுத்தினேன் என்பதை எழுத வேண்டாம். அதைப் பற்றி அந்த மனிதர் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த மாத்திரத்தில் காலரா என்றார்கள். பார்க்கிற எவரும் அப்படித்தான் சொல்வார்கள். பின்பக்கம் தனியாக இருந்த ஓட்டுக் கொட்டகையில் போட்டார்கள். கயிற்றுக் கட்டில், கீழே ஒரு வாளி. கால் நரம்பில் ஊசி குத்தி உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். உடம்பு வற்றினால் இரத்தம் கெட்டியாகி நாடி விழுந்துவிடும். அந்தத் தண்ணீரைத் திருப்பிக் கொடுப்பதுதான் முதல் வைத்தியம். நானே எத்தனையோ பாட்டில் விற்றிருக்கிறேன். அது குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கி உள்ளே போகும்போது எவ்வளவு குளிர்ச்சி என்பது அன்றுதான் தெரிந்தது.

கொட்டகைக்குள் வெளியாட்கள் வரக்கூடாது. அம்மை வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டாள். முட்டத்துக்காரி ஒரு நர்ஸ், ரோசம்மாள் என்று பெயர், அம்மையை எழுப்பிவிடப் பார்த்தாள்.

“தொத்திக்கிடும் அம்மா, கொஞ்சம் தள்ளி இரியுங்க.”

“எனக்குத் தொத்தினா தொத்தட்டு. இவன் போனா நான் என்னத்துக்கு?” என்று அம்மை சொன்னாள்.

மறுநாள் ரோசம்மாள் தன் தலையணையை எடுத்து வந்து அம்மையின் முதுகுக்குக் கொடுத்தாள்.

என்னைப் பார்த்த டாக்டர் ஒரு பெண்மணி. களியக்காவிளைப் பக்கத்துக்காரர். பேச்சில் பாட்டு மாதிரி ஓர் இழுப்பு உண்டு. டாக்டரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவருக்கு முதலிலிருந்தே ஒரு சந்தேகம். மலத்தைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். காலராக் கிருமி இல்லை. ஊரில் வேறு யாருக்கும் இல்லை. வாந்தி நின்ற பிறகும் எனக்குத் தெம்பு வரவில்லை. கால்கள் மரத்துக் கிடந்தன. விரலில் குத்தி இரத்தம் எடுத்து எண்ணிப் பார்த்தார்கள். இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் என்று உண்டு. வெளியிலிருந்து வருகிற கிருமியோடு சண்டை போடுகிற காவலாட்கள் அவை. அவை நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தன. காலராவில் அப்படிக் குறையாது. கிருமி ஏதாவது புகுந்துவிடக்கூடாதே என்று பென்சிலின் போட்டார்கள். அதை எங்கள் கடை முதலாளியே அனுப்பி வைத்தார். பில்லைப் பற்றிக் கேட்டதற்கு, எழுந்து வந்து கடையைத் திற, அப்புறம் பேசலாம் என்று சொல்லியனுப்பினார்.

காலரா இல்லை என்று ஆன பிறகு என்னைப் பொது வார்டுக்கு மாற்றினார்கள். அம்மை உள்ளே வரலாம் என்று ஆயிற்று. அன்று டாக்டரம்மா என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“கம்பவுண்டரே, நல்லா ஓர்த்துச் சொல்லணும். படுக்கதுக்கு முன்ன ஒரு நாளைக்குள்ள கைப்பா வல்லதும் தின்னீரா?”

எனக்கு உடனே நாக்கில் அந்தக் கசப்பு வந்தது. சொன்னேன். பொங்கல், கனல், வளைந்த கிழங்கு, எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மாவின் கண்கள் விரிந்தன. ஆனால் அவருக்கு முன்னால் அம்மை எழுந்துவிட்டாள்.

“யாரு குடுத்தது?”

“தங்கம்மை தோண்டினது அம்மை.”

“கைவிஷம்” என்றாள் அம்மை. அவ்வளவுதான் சொன்னாள். வார்டே திரும்பிப் பார்த்தது.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் கைவிஷம் என்றால் விளக்கம் தேவையில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்ள, பெண்கள் மருந்தும் மந்திரமும் செய்து சோற்றில் கலந்து கொடுப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை. அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்கும். மந்திரவாதியிடம் கொண்டுபோய், குடிக்கக் கொடுத்து, வாந்தியாக எடுக்க வைத்தால்தான் இறங்கும். அதிலும் மேற்கத்திப் பெண்கள் இதில் கைதேர்ந்தவர்கள் என்று கிழக்கே ஒரு பேச்சு. கல்யாணம் பேசும்போதே சொந்தக்காரர்கள் அம்மையின் காதில் அதை ஓதியிருந்தார்கள்.

என் நிலைமையைக் கேள்விப்பட்டு மறுநாளே தங்கம்மையும் மாமனாரும் வந்தார்கள். அம்மை வார்டு வாசலில் குறுக்கே நின்றாள். எனக்குத் தலையைத் தூக்கக்கூடத் தெம்பில்லை. குரல் மட்டும் கேட்டது.

“ஏட்டி, இந்தப் படி ஏறினியானா நான் கெணத்துல சாடுவேன். எனக்க மகன் பிழைச்சு எந்திச்சா ஒன் தாலிய அறுத்து வாங்கிட்டுத்தான் மறுகாரியம். பிழைக்கல்லேன்னா போலீசுக்குப் போவேன்.”

தங்கம்மை படியேறாமல் திரும்பினாள். போய்விட்டாள். கல்யாணமாகி அரை வருஷம்கூட ஆகவில்லை. அம்மை பிடித்தால் உடும்புப் பிடி, சொன்னால் செய்வாள். நான் சாவேனா பிழைப்பேனா என்கிற பயத்தைவிட, பிழைத்து எழும்போது அந்தப் பெண் என் வீட்டில் இருக்கமாட்டாள் என்கிற பயம்தான் என்னை அதிகமாகத் தின்றது.

அதற்கப்புறம் ஒரு நாள் காலையில் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினேன். தலை வந்தது, மயிர் வரவில்லை. கொத்தாகத் தலையணையிலேயே இருந்தது. தடவினால் கையோடு வருகிறது. வலி கிடையாது. இரண்டு மூன்று நாளில் தலை தேங்காய் மாதிரி ஆகிவிட்டது. புருவமும் போயிற்று. அம்மை மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். கைவிஷம் தலைக்கேறிவிட்டது, இனி ஆஸ்பத்திரியில் வைத்திருந்தால் பிணத்தைத்தான் தூக்க வேண்டியிருக்கும் என்று சொல்லி, மந்திரவாதி ஒருவனிடம் கொண்டுபோக வண்டிக்கும் ஆள் சொல்லிவிட்டாள்.

ஆனால் டாக்டரம்மாவின் முகத்தில் அன்று ஒரு தெளிவு. என் தலையைத் தடவிப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். அம்மையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

“அம்மா, இந்தச் சீக்குக்கு ரெண்டே காரணம் உண்டு. ஒண்ணு பாஷாணம். அதுலயும் வாந்திபேதி வரும், மயிரு கொட்டும். அதாக்கும்னா யாரோ வேணும்னு குடுத்ததுதான், நான் போலீசுக்கு எழுதியே ஆகணும். மற்றது மேந்தோன்னிக் கிழங்கு. எது எண்ணு நாளைக்குப் பார்த்துச் சொல்லுகேன். அதுவரை இவர எங்கேயும் கொண்டு போவாண்டாம். இன்னொரு மட்டம் வாந்தி எடுக்க வச்சா இந்த ஒடம்பு தாங்காது. செத்துப்போவார்.”

அம்மை வண்டியை ஒரு நாளைக்கு நிறுத்தி வைத்தாள். ஒரே ஒரு நாள்.

மேந்தோன்னியை எல்லோருக்கும் தெரியும். வேலியில் படர்ந்து, ஐப்பசியில் நெருப்பு எரிகிற மாதிரிப் பூக்கும். கிழக்கே கார்த்திகைப் பூ என்கிறோம். புத்தகத் தமிழில் காந்தள். பூவைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் கிழங்கைத் தெரிந்திருக்காது. கொடி காய்ந்த பிறகு சிறுவள்ளியும் அதுவும் ஒரே வேலியடியில்தான் கிடக்கும். டாக்டரம்மா மாமனாருக்கு ஆள் அனுப்பினார், அதே இடத்தில் தோண்டிக் கொண்டுவரச் சொல்லி.

மறுநாள் காலையில் அவர்கள் வந்தார்கள். மாமனார் கையில் ஓலைப் பெட்டி. தங்கம்மை பின்னால், முந்தானையால் தலையை மூடி நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். டாக்டரம்மா சொன்னதால் அம்மை உள்ளே வர விட்டாள். ஆனால் கட்டிலுக்கு அருகில் வர விடவில்லை. பெட்டியில் மண்ணோடு இரண்டு கிழங்குகள் இருந்தன. இரண்டு கை விரித்த அதே வளைவு.

சோதனையை டாக்டரம்மா வார்டின் கோடியில் இருந்த மேசையிலேயே செய்தார். அம்மை தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் அப்படி என்று நினைக்கிறேன். என்னையும் நாற்காலியில் தூக்கி உட்கார வைத்தார்கள். உடம்பில் உயிர் ஒட்டிக்கொண்டிருந்த அந்த நிலையிலும் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது என்றால் நம்புவீர்களா? இத்தனை வருஷமாக மருந்துகளைக் கலக்குகிறேன். ஒரு பொருள் தன் பெயரைத் தானே சொல்வதைப் பார்ப்பது போல ஒன்று உலகத்தில் கிடையாது.

கிழங்கை அரிந்து, நசுக்கி, ஸ்பிரிட்டில் ஊற வைத்துச் சூடாக்கினார். வடிகட்டி, ஸ்பிரிட்டை ஆவியாகப் போக விட்டார். மீந்ததைக் கொஞ்சம் அமிலம் விட்ட தண்ணீரில் கரைத்தார்.

“இனி பாரும் கம்பவுண்டரே. குயினைன், எட்டிக்கொட்டைச் சத்து, இதெல்லாம் அமிலத் தண்ணியில என்ன செய்யும்?”

“அமிலத்தோட கூடி உப்பாயிரும். தண்ணியிலேயே கிடக்கும். குளோரோபாரம் விட்டுக் குலுக்கினாலும் அதுல ஏறாது” என்றேன்.

“இது ஏறும்.”

குளோரோபாரம் விட்டுக் குலுக்கினார். செடிகளில் உள்ள இப்படிப்பட்ட கசப்புச் சத்துக்களை ஆல்கலாய்டு என்பார்கள். காரத்தின் குணம் உள்ளவை அவை, அமிலத்தைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். இது அந்தக் குடும்பத்தில் பிறந்தும் அமிலத்தோடு ஒட்டாத தனிப்பிறவி. குளோரோபாரத்தைப் பிரித்து ஒரு பீங்கான் தட்டில் உலர விட்டார். மஞ்சளாக, ஒரு பொட்டு அளவுக்கு ஏதோ படிந்தது. அதன் மேல் நைட்ரிக் அமிலம் ஒரு துளி விட்டார்.

ஊதா நிறம். கத்தரிப்பூவின் ஊதா. கொஞ்ச நேரம் அப்படியே நின்று பிறகு சிவந்து, மஞ்சளாகி மங்கியது. ரோசம்மாள் “ஏசுவே” என்றாள். இவ்வளவு அழகான ஒன்று என் வயிற்றுக்குள் கிடந்து என்னைக் கொல்லப் பார்த்தது என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

“கால்ச்சிசின்” என்றார் டாக்டரம்மா. “ஒம்ம கடையில கால்ச்சிகம் டிங்சர் உண்டும்லா?”

இருக்கிறது. வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்று பழுப்புப் பாட்டிலில், மேல் தட்டில் வைத்திருக்கிறோம். கால் பெருவிரல் வீங்கி அலறுகிற பெரிய மனிதர்களுக்குத் துளித்துளியாக அளந்து கொடுப்பேன். அது சீமைச் செடியின் சத்து. அதே சத்து எங்கள் வேலியிலும் பூக்கிறது என்று எனக்குத் தெரியாது.

“துளி எண்ணிக் குடுக்குத மனுஷன் கிழங்காட்டுத் தின்னுட்டீரு” என்று சொல்லிச் சிரித்தார். பிறகு அம்மையிடம் திரும்பினார்.

“நம்ம தேகத்துல எப்பமும் புதுசு புதுசா முளைச்சுட்டு இருக்கப்பட்ட எடங்கள் உண்டு அம்மா. குடலுக்க உள்தோலு, எலும்புக்குள்ள ரெத்தம் ஊறுக எடம், மயிருக்க வேரு. ஒண்ணு ரெண்டாப் பிரிஞ்சு பிரிஞ்சுதான் வளரும். இந்த விஷம், பிரியப் போறத பாதியில பிடிச்சு நிறுத்திரும். அவ்வளவுதான் இதுக்க வேலை. மொதல்ல குடலு போச்சு, அதாக்கும் வாந்திபேதி. பின்ன ரெத்தம். கடைசியில மயிரு. கனல்ல சுட்டாலும் இது சாவாது. வேவிச்சு தண்ணிய ஊத்தியிருந்தாலாவது கொஞ்சம் போயிருக்கும்.”

எனக்குப் பட்ட பாடெல்லாம் ஒரே நூலில் கோத்த மாதிரி வரிசையாக நின்றது. கொட்டகையில் வாளியைப் பிடித்துக்கொண்டு கிடந்ததும், இரத்தம் குறைந்ததும், தலையணையில் கிடந்த மயிரும் ஒரே காரணத்தால்தான். இதைக் கண்டுபிடித்தவர்களை நினைத்தும், இந்த அம்மாளை நினைத்தும் எனக்குக் கண் கலங்கியது. அந்தக் கிழங்கின் மேல்கூடக் கோபம் வரவில்லை. இதே சத்தை விதையில் தடவிப் பூவையும் காயையும் பெரிதாக்குகிறார்களாம் செடி ஆராய்ச்சிக்காரர்கள். டாக்டரம்மா பிறகு ஒரு நாள் சொன்னார்.

ஆனால் அம்மை அசையவில்லை.

“செரி, கிழங்குதான். பாஷாணம் இல்ல. இது மேந்தோன்னின்னு தெரிஞ்சே தோண்டி அவன் எலையில வச்சாளா, தெரியாம வச்சாளா? அத அந்த ஊதாக் கலரு சொல்லுமா டாக்டரம்மா?”

அம்மை கேட்டது நியாயம்தான். அமிலம் கிழங்கின் பெயரைச் சொல்லும், கொடுத்தவளின் மனதைச் சொல்லாது. மாமனார் கையைப் பிசைந்துகொண்டு, “நாங்க எல்லாரும் அதே வேலியில தோண்டினதத்தான் தின்னோம்” என்றார்.

“அப்பம் ஒங்களுக்கு ஒரு வயித்துவலிகூட வரல்ல. எனக்க மகனுக்கு மட்டும் வந்துது. நல்லாருக்கு கதை.”

அம்மை இரண்டு எட்டில் தங்கம்மையிடம் போய் நின்றாள்.

“தெரியாதுன்னு எனக்க மொகத்தப் பார்த்துச் சொல்லு. என்ன மொகத்த மூடிட்டு நிக்கே?” என்று முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

முந்தானை நழுவியது. அம்மையின் விரலோடு நீளமாக ஒரு கொத்து மயிரும் வந்தது.

தங்கம்மையின் மயிர் முழங்கால்வரை இருக்கும். பெண் பார்க்கப் போனபோது அம்மை வேறு எதையும் பார்க்கவில்லை, அதை மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்று சொன்னவள். இப்போது அந்தத் தலையில் திட்டுத் திட்டாக வெறும் தோல். அங்கங்கே நாலைந்து இழைகள் தொங்கின. தங்கம்மை இரண்டு கையாலும் தலையை மறைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

டாக்டரம்மா மெதுவாக வந்து அவள் தோளைத் தொட்டார். “மோளே, ஒனக்கும் வாந்தி உண்டாச்சா?”

“ரெண்டு நாளு. எங்க வீட்டு அம்மைக்கு... வேற நெனப்பு. மாசமாட்டு இருக்கேன்னு பாயாசம் வச்சா.”

“மயிரு?”

“அவியளுக்கு இப்பிடி ஆச்சேன்னு நெனச்சு நெனச்சுக் கொட்டுதுன்னு இருந்தேன்.”

“நீ எப்பம் அந்தக் கிழங்கத் தின்ன?” என்று அம்மை கேட்டாள். குரல் இறங்கிவிட்டது.

தங்கம்மை நிமிர்ந்து அம்மையைப் பார்த்தாள்.

“நீங்கதான சொன்னிய, அவிய உண்ட எலையிலதான் நான் உண்ணணும்னு. மீதி வச்சிருந்தாவ. கைச்சுது. ஆனா அவிய நல்லாருக்குன்னு சொன்னாவளே. எனக்க நாக்குதான் செரியில்லன்னு நெனச்சேன்.”

கல்யாணமாகி வந்த அன்று, புருஷன் உண்டு எழுந்த இலையில் உண்பதுதான் குடும்பத்துக்கு நல்லது என்று சொல்லி அவளை என் இலை முன்னால் உட்கார வைத்தது அம்மைதான். விஷம் என்று தெரிந்தவள் அதன் மீதியை எடுத்துத் தின்னமாட்டாள். அமிலம் சொல்லாமல் விட்டதை அவள் தலை சொல்லிவிட்டது. நான் தின்ற கிழங்கைத் தின்னாமல் அப்படி மயிர் கொட்டாது.

அம்மை கையில் இருந்த அந்த மயிர்க் கொத்தைக் கீழே போடவில்லை. விரலில் சுற்றிச் சுற்றி ஒரு சுருளாக்கி, மடியில் வைத்துக் கட்டிக்கொண்டாள். பிறகு முந்தானையைத் தானே எடுத்துத் தங்கம்மையின் தலையில் மூடிவிட்டாள்.

“நிக்காத மக்கா, இரி” என்றாள்.

டாக்டரம்மா தங்கம்மையையும் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார். அவள் தின்றது குறைவு. இரத்தம் அவ்வளவாகக் கெடவில்லை. வேர் சாகவில்லை, நிறுத்தி வைத்திருக்கிறது, அவ்வளவுதான், திரும்ப முளைக்கும் என்று சொன்னார். பெண்கள் வார்டு எதிர்ப்பக்கம். அம்மை இரண்டு வார்டுக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தாள். வண்டிக்காரன் வந்து மந்திரவாதி காத்திருப்பதாகச் சொன்னபோது, அம்மை அவனை விரட்டிய விரட்டலைக் கேட்டு ரோசம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வீட்டுக்குப் போவதற்கு முந்தின நாள் மத்தியானம் அம்மை கஞ்சி வைத்துக்கொண்டு வந்தாள். தங்கம்மையையும் என் கட்டிலுக்கு அழைத்து வந்து என் பக்கத்திலேயே உட்கார வைத்தாள். மொட்டைத் தலையோடு நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அடுத்த கட்டில்காரர் கும்பிட்டார். அம்மை இரண்டு கும்பாவில் கஞ்சி ஊற்றினாள், தனித்தனியாக.

“இனி அவன் எச்சில ஒண்ணும் நீ திங்காண்டாம். ரெண்டு பேரும் ஒண்ணாட்டு இருந்து உண்ணுங்க.”

தங்கம்மை என்னைப் பார்த்தாள். நான் ஒரு வாய் குடித்தேன். அவளும் ஒரு வாய் குடித்தாள்.

“எப்பிடி இருக்கு?” என்று அம்மை கேட்டாள்.

“உப்பே இல்ல அம்மை” என்றேன்.

“எனக்கும்” என்றாள் தங்கம்மை.

அம்மை எழுந்து உப்பு வாங்கப் போனாள். போகும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.